சேர்ந்து ஓடினால் கூடிவிடும் வேகம்: சென்னைக் கடற்கரைக் குழு ஒன்றின் பதினெட்டு வாரம்

சென்னை மாரத்தான் ஜனவரியில் வருகிறது. முழு மாரத்தானுக்கான பயிற்சித் திட்டம் வழக்கமாகப் பதினெட்டு வாரம். பின்னோக்கி எண்ணினால் அது செப்டம்பர் தொடக்கத்தில் போய் நிற்கும். வாழ்க்கையில் முதன்முறையாக 42.195 கி.மீ. ஓடத் துணிந்தவர் பயிற்சியைத் தொடங்கும் அந்த நாட்களில், விடியற்காலை நான்கரை மணிக்கே கடற்கரையில் 26 டிகிரி வெப்பம் இருக்கும். காற்றில் ஈரம் 85 சதவீதத்தை ஒட்டி நிற்கும். இரண்டாவது கிலோமீட்டரிலேயே பனியன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். காற்று லேசாவதற்கு டிசம்பர் பிற்பாதி வரை காத்திருக்க வேண்டும்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது பெசன்ட் நகர், அடையாறு, திருவான்மியூர் வட்டாரத்தில் இயங்கும் வகையான அக்கம்பக்க ஓட்டக் குழு ஒன்றின் அந்தப் பதினெட்டு வாரம். 2006-ல் சென்னை ரன்னர்ஸ் என்ற ஓட்டக் குழு தொடங்கிய பிறகு இந்த மாதிரி ஊரெங்கும் பரவியது. பகுதிக்கு ஒரு குழு இருக்கும், அதை நடத்தச் சம்பளம் வாங்காத நாலைந்து பேர் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து ஒரு நீண்ட ஓட்டம் ஓடுவார்கள். கணக்குக்காக ஞாயிறு நாற்பது பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் அளவுகள் எல்லாம் அந்த நாற்பது பேருக்கானவை.

இத்தகைய குழுக்களில் பருவந்தோறும் ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆறாவது வாரத்துக்கும் பத்தாவது வாரத்துக்கும் நடுவில் ஆள் குறைகிறது. மழையைக் காரணம் சொல்வார்கள். விசாரித்தால் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி, இன்னொருவருக்குக் குதிகால் தசைநாண் இறுகிப்போயிருக்கும், மூன்றாமவருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஓடவே பிடிக்கவில்லை. மூன்றுக்கும் மூலம் பெரும்பாலும் ஒன்றுதான்: அவர்கள் வாரக்கணக்கில் பக்கத்தில் ஓடுபவரின் வேகத்தில் ஓடியிருக்கிறார்கள். காலை நாலு மணிக்கு எழுந்து வரவைப்பது கூட்டம். காலைக் கெடுப்பதும் அதே கூட்டம். ஆகவே வாரத்தை அமைக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இன்று எத்தனை கிலோமீட்டர் என்பதல்ல, யார் யாரோடு ஓடுகிறார் என்பதுதான்.

ஒருவரின் கணக்கு

10 கி.மீ. தூரத்தை 65 நிமிடத்தில் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6:30, அதாவது 6 நிமிடம் 30 விநாடி. ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்க பீட் ரீகல் 1977-ல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயிற்சியாளர்கள் கையில் இருக்கிறது. தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அதை 1.06 அடுக்குக்கு உயர்த்தி நேரத்தோடு பெருக்க வேண்டும். அப்படிப் போட்டால் இவரது முழு மாரத்தான் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவாக வருகிறது. வாரத்துக்கு 40–50 கி.மீ. மட்டும் ஓடும் புதியவர் சென்னை ஈரத்தில் அதை எட்டுவது அரிது. ஐந்தே கால் முதல் ஐந்தரை மணி நேரம் என்று இலக்கு வைப்பதே நேர்மை.

இவரது ஞாயிறு வேகம் 10 கி.மீ. வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 60 முதல் 90 விநாடி மெதுவாக இருக்க வேண்டும், அதாவது 7:30 முதல் 8:00. இதிலும் வானிலை தன் பங்கைக் கேட்கும். கைபேசியில் ஈரப்பத சதவீதத்தைப் பார்ப்பதைவிட டியூ பாயிண்டைப் பார்ப்பது நல்லது. காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது. அது 24 டிகிரியைத் தாண்டினால் வியர்வை வழியுமே தவிரச் சரியாக ஆவியாகாது, உடம்பு போதிய அளவு குளிராது. அந்த நாட்களில் கிலோமீட்டருக்கு 15 முதல் 30 விநாடி விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது ஓடுபவர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு. வெயிலுக்கும் ஈரத்துக்கும் உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஊரிலிருந்து ஒரு மாதம் வெளியே போய்த் திரும்பியவர்களுக்கும் இதே இரண்டு வாரம்தான். அவர்களைப் பழைய குழுவில் உடனே சேர்ப்பது தவறு.

இனி நடப்பதைப் பாருங்கள். இவரது அலுவலக நண்பர் 55 நிமிடக்காரர், அவருக்கு ஞாயிறு வேகம் 6:30–7:00. இருவரும் சேர்ந்து ஓடுகிறார்கள், பேச்சுத் துணைக்கு. 65 நிமிடக்காரர் 16 கி.மீ. தூரத்தை 6:50-ல் முடித்துவிடுகிறார். முடிகிறது என்பதுதான் ஆபத்து. அது அவருக்கு நீண்ட ஓட்டம் அல்ல, கிட்டத்தட்டப் பந்தயம். செவ்வாய் வரை கால் கனக்கும். வியாழன் வேகப் பயிற்சியில் அவரால் தன் நேரத்தைத் தொட முடியாது. தொட முடியவில்லையே என்று அடுத்த ஞாயிறு இன்னும் முயல்வார். ஐந்தாறு வாரம் இப்படியே போனால் முன்னெலும்பு பேச ஆரம்பிக்கும்.

1962-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் முன்னின்று நடத்திய ஜாகிங் குழுவில் நடுத்தர வயதுக்காரர்களும் இதய நோயிலிருந்து மீண்டவர்களும் ஓடினார்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் என்பதே அங்கே அளவுகோல். அதை நேரில் பார்த்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மன் 1963-ல் ஓரிகானின் யூஜீன் ஊரில் அதே போன்ற குழுவைத் தொடங்கினார். அறுபது ஆண்டு கழித்தும், கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் இருந்தாலும், பேச்சுச் சோதனையை வெல்லும் கருவி வரவில்லை. நல்ல பேசர், அதாவது முன்னால் ஓடிக் குழுவின் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பவர், மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை பின்னால் திரும்பி, "அக்கா, காலையில என்ன சாப்பிட்டீங்க, முழுசா சொல்லுங்க" என்பார். பதில் இரண்டு வார்த்தையில் வந்தால் வேகத்தைக் குறைப்பார்.

வாரத்தின் நாட்கள்

திங்கள் ஓய்வு. செவ்வாய் 6 முதல் 8 கி.மீ. ஈஸி ரன், முடிவில் 20 விநாடி நீளமான நாலைந்து துரித ஓட்டம், நடுவில் முழு ஓய்வு. புதன் வலுப்பயிற்சி: ஒற்றைக்காலில் கெண்டைக்கால் உயர்த்தல் 15 வீதம் மூன்று சுற்று, ஸ்குவாட், பிளாங்க், படியேறல். வியாழன் வேகம். வெள்ளி ஓய்வு. சனி 5–6 கி.மீ. மிக மெதுவாக. ஞாயிறு லாங் ரன்.

சனிக்கிழமை ஓட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதில் என்ன இருக்கிறது என்று. வாரத்தில் நான்கு நாள் மட்டும் ஓடுபவருக்கு ஞாயிறு ஒன்றே வாரத்தின் பாதிச் சுமையாகிவிடும். மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும் என்பது பழைய விதி. முழு மாரத்தான் திட்டத்தில் அது புதியவர்களுக்குச் சாத்தியமில்லை. சனி ஓட்டம் அந்தச் சுமையைக் கொஞ்சம் பகிர்கிறது. லேசாகக் களைத்த காலோடு ஞாயிறு கிளம்புவதால் முதல் ஐந்து கிலோமீட்டர் வேகமும் தானாக அடங்குகிறது.

வியாழன் பயிற்சி 400 மீட்டர் தடத்தில் நடந்தால் நல்லது. நமது 65 நிமிடக்காரருக்கு 5 கி.மீ. வேகம் ஏறத்தாழ 6:14. ஆகவே 800 மீட்டருக்கு 5 நிமிடம், 400-க்கு இரண்டரை நிமிடம். பருவத் தொடக்கத்தில் 4 முறை 800 மீட்டர், உச்சத்தில் 6 முறை, நடுவே 400 மீட்டர் மெதுநடையும் மெதுவோட்டமும். முன்னால் 2 கி.மீ. சூடேற்றல், பின்னால் 1 கி.மீ. தணித்தல். அக்டோபர் ஈரத்தில் நேரத்தைப் பார்க்காமல் முயற்சியைப் பார்த்து ஓடச் சொல்ல வேண்டும். 5:10 வந்தாலும் அது நல்ல 800 தான்.

இங்கே கெடுவது மூன்று இடத்தில். முதல் 800-ஐ எல்லாரும் சேர்ந்து கிளம்பி 4:35-ல் முடிப்பது. பிறகு நான்காவதில் 5:30. முதல் ஓட்டமே மிக வேகமானதாக இருந்தால் அன்றைய பயிற்சி வீண் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, பதினைந்து பேர் ஒரே நேரத்தில் ஓடும்போது முந்துவதற்காக வெளித் தடத்தில் போவது. உள்தடம் 400 மீட்டர் என்றால் இரண்டாவது தடம் 407, எட்டாவது 453. வெளித் தடத்தில் ஓடியவர் தான் மெதுவாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார். மூன்றாவது, ஓய்வைச் சுருக்குவது. முதலில் முடித்தவர் கடைசி ஆள் வரும்வரை காத்திருந்து, கடைசி ஆள் மூச்சு வாங்கும்போதே எல்லாரும் மறுபடி கிளம்பினால், அதிக ஓய்வு தேவைப்படுபவருக்குத்தான் குறைந்த ஓய்வு கிடைக்கிறது. தீர்வு எளிது. மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு கடிகாரக்காரர். 30 விநாடி இடைவெளியில், வேகமான கூட்டம் முதலில்.

மேடு இல்லாத ஊர் இது. மேட்டுப் பயிற்சிக்கு மேம்பாலங்களும் ஆற்றுப் பாலங்களும்தான். ஐந்து மணிக்கு முன் முடித்து, நடைபாதை இருக்கும் பக்கமாக ஓட வேண்டும். இறங்கும்போது வேகமெடுப்பதுதான் தொடை முன்தசையைக் கெடுக்கிறது. ஏறி ஓடு, இறங்கி நட.

ஞாயிறு

குழுவின் உயிர் இந்த ஒரு காலைப்பொழுதில் இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பருவம் முழுதும் ஞாயிறு தூரங்கள் இப்படிப் போகும்: 12, 14, 16, இறக்கம் 12, 18, 20, 22, இறக்கம் 16, 24, 26, 28, இறக்கம் 18, 30, 22, 32, பிறகு 20, 14, பந்தயம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரும் இறக்க வாரம் பேச்சுக்கு இடமில்லாதது. அந்த வாரத்தில்தான் எலும்பும் தசைநாணும் முந்தைய மூன்று வாரத்தைச் செரிக்கின்றன. மெதுவாக ஓடுபவர்களுக்குத் தூரத்தோடு நேரத்துக்கும் வரம்பு வேண்டும். நான்கு மணி நேரத்தோடு நிறுத்திவிட வேண்டும். 7:45 வேகத்தில் 32 கி.மீ. நாலு மணி எட்டு நிமிடம். அவர் 31-ல் நின்றுவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

20 கி.மீ. ஞாயிறு ஒன்றைப் பார்ப்போம். எலியட்ஸ் கடற்கரையில் தொடங்கி, பெசன்ட் அவென்யூ வழியாக அடையாறு, திரு.வி.க. பாலம், சாந்தோம், காமராஜர் சாலை, நேப்பியர் பாலம். ஏறத்தாழ 10 கி.மீ. அங்கேயே திரும்பி அதே வழி. இந்தத் திசைக்குக் காரணம் உண்டு. மெரினாவில் நிழல் கிடையாது, அதை வெயில் ஏறுவதற்குள் கடந்துவிட வேண்டும். அக்டோபரில் ஆறு மணிக்குச் சூரியன் எழும். திரும்பி வரும் கடைசிக் கிலோமீட்டர்களில் தியசாபிகல் சொசைட்டி மரங்களின் நிழல் கிடைக்கும். மெரினாவில் தொடங்கி மெரினாவில் முடிக்கும் குழுக்கள் கடைசி மூன்று கிலோமீட்டரை நேர் வெயிலில் முடிக்கின்றன, மயக்கம் வருவதும் அங்கேதான்.

குழுவை மூன்று பேருந்தாகப் பிரிக்கிறார்கள். ஓடுபவர்கள் பஸ் என்றே சொல்வார்கள். கிலோமீட்டருக்கு 6:45, 7:45, 8:45 வேகத்தில் ஓடுபவை. இடைவெளி ஒரு முழு நிமிடம். பல குழுக்கள் 15 விநாடி வித்தியாசத்தில் ஆறு பஸ் விடுகின்றன, அது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் மூன்றாவது கிலோமீட்டரில் எல்லாம் ஒன்றாகிவிடும், ஒரு பஸ்ஸிலிருந்து அடுத்ததுக்குத் தாவுவது அத்தனை சுலபம். ஒரு நிமிட இடைவெளியைத் தாவ முடியாது. இடம் ஒதுக்குவது கடந்த ஆறு வாரத்துக்குள் ஓடிய 10 கி.மீ. நேரத்தை வைத்து. ஆசையை வைத்து அல்ல. 8:45 பஸ் நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று போகும். அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் ஜெஃப் கேலோவே 1970-களிலிருந்து பரப்பிய முறை இது. நடை முதல் கிலோமீட்டரிலிருந்தே இருக்க வேண்டும். களைத்த பிறகு நடப்பது வேறு.

கிளம்பும் வரிசைதான் இந்த அமைப்பின் சாரம். 20 கி.மீ. முடிக்க 8:45 பஸ்ஸுக்கு 2 மணி 55 நிமிடம், 7:45-க்கு 2:35, 6:45-க்கு 2:15. ஆகவே மெதுவான பஸ் 4:15-க்கு, நடு பஸ் 4:35-க்கு, வேகமானது 4:55-க்குக் கிளம்பும். மூன்றும் 7:10-க்கு முடியும். வழியில் யாரும் யாரையும் முந்துவதில்லை, எதிரெதிரே பார்த்துக் கையசைப்பதோடு சரி. சந்திப்பது முடிவில், இட்லிக் கடையில். கடைசியாக வருபவர் காலியான சாலையில் தனியாக வருவதும் நின்றுபோகிறது. எல்லாரையும் ஒரே நேரத்தில் அனுப்பும் பழக்கத்தில், நாற்பது நிமிடம் கழித்து வருபவருக்குத் தண்ணீரும் இருக்காது, கைதட்டவும் ஆள் இருக்காது. அவர் மூன்றாவது வாரம் வரமாட்டார்.

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முன்னால் ஒரு பேசர், பின்னால் ஒரு வால் ஆள். மெதுவான பஸ்ஸின் வாலில் இருவர் வேண்டும், அதில் ஒருவராவது பெண். பேசர் ஆகும் தகுதி வேகம் அல்ல. தன் பஸ்ஸின் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடமாவது வேகமாக ஓடக்கூடியவர், ஆனால் ஓடாமல் இருக்கக்கூடியவர். முதல் ஐந்து கிலோமீட்டரில் 10 விநாடி கூட வேகமாகப் போகாதவர்.

தண்ணீர்

மேசை மூன்று: 3-வது கிலோமீட்டரில் அடையாறு, 6-ல் சாந்தோம், 9-ல் மெரினா. போகும்போதும் வரும்போதும் சேர்த்து ஒருவருக்கு ஆறு முறை தண்ணீர். ஒருவர் மணிக்கு அரை லிட்டர் குடித்தால் இரண்டரை மணி நேரத்துக்கு 1.3 லிட்டர், நாற்பது பேருக்கு 52. தலையில் ஊற்றவும் கைகழுவவும் சேர்த்து 20 லிட்டர் கேன் நான்கு. எல்லாக் குழுவும் செய்யும் பிழை, கேன்களைச் சமமாகப் பிரிப்பது, அல்லது முதல் மேசையில் யாரும் குடிப்பதில்லை என்று அங்கே குறைவாக வைப்பது. போகும்போது அங்கே யாரும் குடிக்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அதே மேசை திரும்பும்போது 17-வது கிலோமீட்டர். அங்கேதான் எல்லாரும் நின்று குடிப்பார்கள், ஊற்றிக்கொள்வார்கள். அடையாறு மேசைக்கு இரண்டு கேன், மற்றவற்றுக்கு ஒவ்வொன்று. காகிதக் கப் வேண்டாம். ஈரத்தில் குழைகிறது, சாலையிலும் பறக்கிறது. ஆளுக்கொரு மடக்கு டம்ளரோ சின்ன பாட்டிலோ போதும்.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சர்க்கரை, 15 கிராம் உப்பு, பதினைந்து எலுமிச்சை. இதில் சர்க்கரை 4 சதவீதம், சோடியம் லிட்டருக்கு 590 மில்லிகிராம் அளவில் வரும். குடிக்க நன்றாகவும் இருக்கும். உப்பைக் கண்ணளவில் போடாமல் சமையலறைத் தராசில் நிறுக்க வேண்டும். கல்லுப்பும் தூளுப்பும் கரண்டியில் ஒன்றல்ல. முடிவிடத்தில் மட்டும் உலக சுகாதார நிறுவன அளவிலான ஓ.ஆர்.எஸ்.: ஒரு பொட்டலம் ஒரு முழு லிட்டருக்கு. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தைக் கொட்டிக் குடித்து வயிறு கலங்கியவர்கள் ஏராளம். காகிதப் பெட்டியில் வரும் இனிப்பு பானங்கள் எல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. பொட்டலத்தில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொருவரும் பருவத்தில் இரண்டு ஞாயிறாவது எடை பார்க்க வேண்டும். ஓடும் முன் 70 கிலோ, முடித்து ஈர உடையைக் களைந்து துடைத்த பின் 68.4. நடுவில் குடித்தது 1.2 லிட்டர். இழந்தது 2.8 லிட்டர், 2 மணி 35 நிமிடத்தில். மணிக்கு ஏறத்தாழ 1.1 லிட்டர். அத்தனையையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை, வயிறும் ஏற்காது. எடை 2 சதவீதம் போலக் குறைவது இயல்பு. கவலைப்பட வேண்டியது எடை கூடினால்: தேவைக்கு மேல் குடித்த தண்ணீர் இரத்தத்தின் உப்பை நீர்க்கச் செய்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005-ல் வெளியானது. 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதிகம் மாட்டினார்கள். நமது 7:45, 8:45 பஸ்கள் அந்தக் கூட்டம்தான். "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று எல்லாரையும் விரட்டுவது அன்பு என்றாலும் ஆபத்து. தாகத்துக்குக் குடி, எடையால் சரிபார்.

உணவு: ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம், சிறிய பேரீச்சை ஒன்றில் ஐந்தாறு. கடலை மிட்டாய் ஓடி முடித்த பிறகுதான். ஓடும்போது பல்லில் ஒட்டும், கடலையின் கொழுப்பு வயிற்றில் நிற்கும். பந்தய நாளில் எதைச் சாப்பிடப் போகிறாரோ அதை 24 கி.மீ. ஞாயிறிலிருந்தே பழக வேண்டும்.

தவறக்கூடாத இடங்கள்

ஓடிக்கொண்டிருப்பவர் தள்ளாடினால், கேட்ட கேள்விக்குப் பொருந்தாமல் பதில் சொன்னால், திடீரென்று கோபப்பட்டால், அது களைப்பு என்று விடக்கூடாது. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிக் குழப்பமும் வந்தால் வெப்ப அதிர்ச்சி (ஹீட் ஸ்ட்ரோக்). முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி. நிழலில் படுக்கவைத்து, உடல் முழுக்கப் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றி, நனைத்த துண்டுகளைக் கழுத்து, அக்குள், இடுப்பில் மாற்றி மாற்றிப் போட்டு, விசிறி, கூடவே 108-ஐ அழைக்க வேண்டும். அரை மணிக்குள் வெப்பத்தை இறக்குவதில் உயிர் இருக்கிறது. அதற்காகவே கடைசி மேசையில் 10 கிலோ ஐஸும் நாலு பெரிய துண்டும். பெரும்பாலான ஞாயிறுகளில் அந்த ஐஸ் சர்பத்துக்குப் போகும், நல்லது. ஆனால் வாங்காமல் விடக்கூடாது.

நாய்கள். இருட்டில் தெருமுனைக் கூட்டம் துரத்தினால் ஓடாமல் ஒருவரோடொருவர் நெருங்கி நடக்க வேண்டும். கடித்தாலும் பல் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். "நம்ம தெரு நாய்தான்" என்று இரண்டு நாள் பார்ப்பது கூடாது.

பெண்கள் குழுவில் நிலைக்காமல் போவதற்கு வேகமும் வீட்டு வேலையும் மட்டும் காரணமல்ல. நாலரை மணிக்குத் திறந்திருக்கும் கழிப்பறை இல்லாததும்தான். மாநகராட்சிக் கழிப்பறைகள் பல அந்நேரத்தில் பூட்டியிருக்கும். தடம் வரையும்போதே இரவு முழுதும் இயங்கும் பெட்ரோல் பங்க் எது, வழியில் யார் வீட்டில் கதவு திறப்பார்கள் என்று சனிக்கிழமையே உறுதிசெய்து, இடத்தைக் குழுவில் போட வேண்டும். இதைப் பெண்களே கேட்டு வாங்கும்படி வைக்கக்கூடாது. கழிப்பறை இல்லாத தடத்தில் தண்ணீர் குடிக்காமலே 20 கி.மீ. ஓடுபவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கெல்லாம் அவர்களிடம் செல்லாது.

மழை, தீபாவளி, மார்கழி

13 முதல் 15-வது வாரம் வரை டிசம்பரின் முதல் பாதியில் விழுகிறது. 30-ம் 32-ம் ஓட வேண்டிய வாரங்கள். சென்னையை 2015 பெருவெள்ளம் டிசம்பர் முதல் நாளில் மூழ்கடித்தது. வர்தா 2016 டிசம்பர் 12-ல் கரையைக் கடந்தது. மிக்ஜாம் 2023 டிசம்பர் 4-ல் ஊரை நிறுத்தியது. திட்டத்தை எழுதும்போதே இந்த மூன்று ஞாயிறில் ஒன்று போகும் என்று வைத்துக்கொள்வது புத்தி. போன ஞாயிறை அடுத்த வாரத்தோடு சேர்த்து ஓடக்கூடாது, செவ்வாய்க்கு மாற்றவும் கூடாது. விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். 32-ஐ இழந்தாலும் 28-ம் 30-ம் ஓடியவர் பந்தயத்தை முடிப்பார்.

தேங்கிய நீரில் ஓடக்கூடாது. திறந்த மூடி எங்கே இருக்கிறது என்று தெரியாது, காலில் சிறு காயம் இருந்தால் எலிக்காய்ச்சலுக்கும் வழி. லேசான மழையில் ஓடலாம். பருத்திக் காலுறையும் பருத்திச் சட்டையும் வேண்டாம், உராயும் இடமெல்லாம் வாசலின், ஆண்கள் மார்க்காம்பில் டேப். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்து நிழலில் காயவிட வேண்டும். மழைக்காலத்துக்கு இரண்டாவது ஜோடி ஷூ ஆடம்பரம் அல்ல.

தீபாவளி அன்றும் மறுநாளும் வெளியே ஓட்டம் இல்லை. விடியற்காலை வெடியும் தரையில் படியும் புகையும் ஒருபக்கம், மிரண்டுபோன நாய்கள் மறுபக்கம். அந்த வாரத்தை இறக்க வாரமாக முன்கூட்டியே பொருத்திவிடலாம். மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதிகளைத் தடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். ஐந்து மணிக்கே வாசல்களில் கோலம் தெருவில் பாதியை நிறைத்திருக்கும். நாற்பது பேர் மிதித்துக்கொண்டு போவது அழகல்ல. சபரிமலைக்கு மாலை போட்டு வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு அந்த வாரங்களில் பாதத்தசை இறுகும். அவர்கள் தூரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளலாம்.

வலி வந்தால்

விதி ஒன்றே: நடை கோணுகிற வலியோடு ஓடக்கூடாது. 48 மணி நேரம் நிறுத்திப் பார்த்து, வலியில்லாமல் 30 நிமிடம் நடக்க முடிந்தால் 4 நிமிட ஓட்டம் 1 நிமிட நடையாக 20 நிமிடம். அடுத்த நாள் காலை வலி கூடாவிட்டால் தொடரலாம். முன்னெலும்பில் விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் குத்தினால், இரவிலும் வலித்தால், எலும்பு வெடிப்பாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டர் கூட ஓடக்கூடாது. முழங்காலின் வெளிப்பக்க வலி ஒரு காலில் மட்டும் வந்தால் சாலையைப் பாருங்கள். ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) போன்ற சாலைகளின் ஓரம் மழைநீர் வடியச் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே பக்கம் ஓடினால் ஒரு கால் தாழ்ந்தே ஓடும். போக்குவரத்து இல்லாத தடத்தில் பக்கம் மாற்றி ஓடினால் பல வலிகள் தாமாகப் போகும். ஷூவின் ஆயுள் 500 முதல் 800 கி.மீ. பருவத் தொடக்கத்தில் ஏற்கெனவே 400 ஓடியிருந்த ஷூ உச்ச வாரத்தைத் தாங்காது.

குழுவுக்குள் பேச்சு

வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு மதியம் வேகப் படங்கள் பறக்கும். அதைத் தடைசெய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆனால் நிர்வாகிகள் எதைப் பாராட்டுகிறார்களோ அதுதான் அடுத்த வாரம் நடக்கும். யார் 6:20-ல் முடித்தார் என்பதற்குப் பதிலாக யாருடைய இரண்டாம் பாதி முதல் பாதிக்குச் சமமாக இருந்தது, யார் மேசையில் நின்றார், யார் இறக்க வாரத்தில் சொன்ன தூரத்தோடு நிறுத்தினார் என்று எழுதினால் போதும். ஆறு ஞாயிறு ஓடினால் ஒரு ஞாயிறு மேசையில் நிற்க வேண்டும் என்ற முறை இருக்க வேண்டும். வேகமானவர்களையும் விதிவிலக்கு இல்லாமல் நிற்கவைத்தால், 8:45 பஸ் எப்படி ஓடுகிறது என்று அவர்கள் முதன்முறையாகப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சின் தொனியே மாறும்.

பந்தயத்துக்கு முந்தைய மூன்று வாரம் தூரம் இறங்கும்: உச்ச வாரத்தின் 70, 50, 30 சதவீதம் என்ற அளவில். நாட்களின் எண்ணிக்கை குறையாது. வியாழன் வேகமும் சிறிதாகத் தொடரும். முழு மாரத்தான் விடியலுக்கு வெகு முன்னதாக, நாலு மணிக்குத் தொடங்குவதால் கடைசி இரண்டு வாரம் எல்லாரும் ஒன்பது மணிக்குப் படுக்கப் பழக வேண்டும். டிசம்பர் கச்சேரிகளுக்குப் போகிறவர்களுக்கு இது கடினம்தான். பந்தய நாளில் பஸ்கள் கலைந்துவிடும். அதனால் ஒவ்வொருவரும் முதல் பத்துக் கிலோமீட்டருக்கான தன் நேரத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்வது நல்லது. நமது 65 நிமிடக்காரருக்கு அது 76 நிமிடம். அதற்கு முன்னால் 10-வது கிலோமீட்டர்ப் பலகையைக் கண்டால் அவர் அங்கேயே நடக்க வேண்டும்.

பந்தயத்துக்குப் பிறகு முதல் வாரம் நடையும் நீச்சலும். இரண்டாவது வாரம் அரை மணி நேர ஈஸி ரன் மூன்று, கடிகாரம் இல்லாமல். பொங்கல் பெரும்பாலும் அந்த இடைவெளியில் வந்துவிடும். அடுத்த பருவத்துக்கான பேசர்களை அப்போதே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பந்தய நேரத்தைப் பார்த்து அல்ல, பதினைந்து ஞாயிறுகளின் முதல் ஐந்து கிலோமீட்டர் பதிவைப் பார்த்து.